அட்டையில் அச்சான எண்

ஒரு விளையாட்டோட விதி எங்கே இருக்கு? நாம காசு கொடுத்து வாங்கின பெட்டிக்குள்ளயா, இல்ல அதை வெளியிட்ட கம்பெனி கையிலயா? எக்ஸ்-விங் என்ற மேசை விளையாட்டின் 12 வருட வரலாற்றைப் படித்தபோது எனக்கு இந்தக் கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது.

தெரியாதவங்களுக்காகச் சின்ன அறிமுகம். ஸ்டார் வார்ஸ் படங்களில் வரும் போர் விண்கலங்களின் வர்ணம் பூசிய குட்டி பொம்மைகளை வைத்து ஆடுவது இது. மூணடிக்கு மூணடி மேசை. உங்க கலம் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் போகணும் என்பதை ஒரு வட்டில் ரகசியமாகத் திருப்பிக் கவிழ்த்து வைக்கணும். எதிராளியும் அப்படியே. பிறகு திறந்து காட்டி, கலங்களை நகர்த்தி, பகடை உருட்டிச் சுடுவார்கள். ஃபேண்டஸி ஃப்ளைட் கேம்ஸ் 2012ல் வெளியிட்டது. ஒவ்வொரு விமானிக்கும் ஓர் அட்டை, அதன் மூலையில் விலைப் புள்ளி. ஆளுக்கு 100 புள்ளிக்குள் படை திரட்டணும்.

சிக்கல் அந்த மூலையில்தான் தொடங்கியது. சாதா டை ஃபைட்டர் 12 புள்ளி. டார்த் வேடர் ஓட்டுகிற வகையான டை அட்வான்ஸ்டு, குறைந்தபட்சம் 21 புள்ளி. கூடுதலாகக் கிடைப்பது முக்கியமா இரண்டு கேடயம். சுடும்போது இரண்டுக்கும் அதே இரண்டு பகடைதான்! 100 புள்ளிக்கு எட்டு டை ஃபைட்டர் இறக்கலாம் என்றால் அட்வான்ஸ்டை யார் எடுப்பாங்க?

அச்சடிச்சு வித்த எண்ணை எப்படி அழிக்கிறது? கம்பெனி கண்ட வழி, புது அட்டை. ஏ-விங் கலத்துக்கு 2014ல் இரண்டு புள்ளி குறைக்கும் அட்டை வந்தது. டை அட்வான்ஸ்டைச் சரிசெய்யும் அட்டை 2015ல் வந்தது, ஆனால் கிட்டத்தட்ட 100 டாலர் விலையுள்ள ஒரு பெரிய கப்பல் பெட்டிக்குள். பழைய பொம்மையை உருப்படியாக்க, புதுசு ஒன்னு வாங்கணும்.

2018ல் இரண்டாம் பதிப்பு வந்தது. அட்டையிலிருந்து எண்ணையே எடுத்துட்டாங்க. புள்ளிப் பட்டியல் தனியாக இணையத்தில். எது மலிவோ அதன் விலையை ஏத்தலாம், எது தூங்குதோ அதை இறக்கலாம். ஒரு பைசா செலவில்லாமல் சமநிலை. நல்ல தீர்வுதான், சந்தேகமில்லை.

ஆனா அன்றோடு விதி பெட்டியை விட்டு வெளியே போயிருச்சு. 2020 இறுதியில் விளையாட்டு அட்டாமிக் மாஸ் கேம்ஸ் கைக்கு மாறுவதாக அறிவிப்பு வந்தது. 2022ல் அவர்கள் அடித்தளத்தையே மாற்றினார்கள். 200 புள்ளிப் படை 20 புள்ளியானது. எதிரியைச் சுட்டு வீழ்த்துவது மட்டும் போதாது, மேசையில் இலக்குகளையும் பிடிக்கணும். யார் முதலில் நகர்வது என்பதும் பகடை கையில். ஒரு சாரார் ஏற்றார்கள். இன்னொரு சாரார் பழைய விதியிலேயே நின்று, புள்ளிப் பட்டியலைத் தாங்களே தொகுக்க ஆரம்பித்தார்கள். ஒரே பொம்மை, இரண்டு விளையாட்டு.

2024 ஜூனில் நிறுவனம் எக்ஸ்-விங்கை இனி வளர்க்கப் போவதில்லை என்று அறிவித்தது. அதன் பிறகு பட்டியலைத் திருத்துவது தன்னார்வ ரசிகர்கள்தான்.

இப்போ யோசிச்சுப் பாருங்க. 2012 பெட்டி பரணில் கிடந்தால் இன்றைக்கும் இறக்கி ஆடலாம். எண் தப்பானதுதான், ஆனா அட்டையிலேயே இருக்கு. அதைவிட நல்லாச் செதுக்கிய 2018 அட்டையில் அந்த இடம் காலி. யாராவது ஒருத்தர் பட்டியலைப் பத்திரமா வெச்சிருந்தாத்தான் படை திரட்டவே முடியும்.

தப்பைத் திருத்தும் உரிமையை ஒருத்தர் கையில் கொடுத்தோம். அவர் எழுந்து போனதும் அந்த வேலை நம்ம தலையில் வந்து விழுந்தது. ரசிகர்கள் அதைத் தட்டாமல் ஏற்றுக்கொண்டார்கள் என்பதுதான் இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்த பகுதி.