பெயரிழந்த ஆட்டம்: பிரான்சு நாட்டில் ரக்பி லீக்

1895 ஆகஸ்டு 29ஆம் நாள் வட இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு நகரில், ஜார்ஜ் விடுதியில் கூடிய கழகங்கள் தாய்ச்சங்கத்தினின்று பிரிந்தன. ஆட்டத்திற்காக வேலையை இழக்கும் தொழிலாளிக்கு இழந்த கூலியை ஈடுசெய்ய வேண்டும் என்பதே அவற்றின் கோரிக்கை. இப்பிரிவிலிருந்து பிறந்ததே ரக்பி லீக். (அணிக்குப் பதின்மூவர் என்னும் விதி 1906இல்தான் வந்தது.) யார்க்‌ஷயர், லங்காஷயர் வட்டாரங்களுக்கு அப்பால் ஐரோப்பாவில் இவ்வாட்டம் வேரூன்றாது என்பர் சிலர். பிரான்சின் வரலாற்றை நோக்குமிடத்து அக்கூற்றை நாம் அப்படியே ஏற்பதற்கில்லை.

1931இல் பிரித்தானிய ரக்பி யூனியன் சங்கங்கள், பணமும் வன்முறையும் மலிந்துவிட்டன எனக் குற்றஞ்சாட்டிப் பிரான்சுடனான ஆட்ட உறவை முறித்துக்கொண்டன. அவ்வெற்றிடத்தில்தான் லீக் நுழைந்தது. 1933 டிசம்பர் 31 அன்று பாரிசின் பெர்ஷிங் அரங்கில் ஆஸ்திரேலியாவும் இங்கிலாந்தும் காட்சி ஆட்டம் ஒன்றை ஆடின. ஆஸ்திரேலியா 63-13 எனப் பெருவெற்றி பெற்றது. யூனியனிலிருந்து விலக்கப்பட்டிருந்த ஜான் கலியா என்பார் அடுத்த சில மாதங்களில் ஓர் அணியைத் திரட்டி இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். 1934 ஏப்ரலில் பிரெஞ்சு லீக் அமைப்பு உருவாயிற்று. ஐந்தே ஆண்டுகளில், 1939இல், செயின்ட் ஹெலன்சில் இங்கிலாந்தை வென்ற பிரான்சு, ஐரோப்பியப் பட்டத்தையும் கைப்பற்றியது. யூனியன் ஏற்கெனவே செழித்திருந்த தென்பகுதியிலேயே இவ்வளர்ச்சி பெரிதும் நிகழ்ந்தது என்பது ஈண்டுக் கருதத்தக்கது. புதிய ஆட்டம் பழைய ஆட்டத்தின் வீரர்களையும் பார்வையாளர்களையுமே ஈர்த்தது. பகை மூண்டதற்கு இதுவே காரணம் என்பது நம் கருத்து.

1940இல் பிரான்சு வீழ்ந்தபின் அமைந்த விஷி அரசு, பணம் பெற்று ஆடுவது ஒழுக்கக்கேடு என்றது. 1941 டிசம்பர் 19ஆம் நாள் பெத்தேன் கையெழுத்திட்ட ஆணையால் லீக் அமைப்பு கலைக்கப்பட்டது. அதன் உடைமைகள் தேசிய விளையாட்டுக் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டன. ஓர் அரசு ஒரு விளையாட்டின் ஆளும் அமைப்பையே ஆணையால் அழித்ததற்கு இத்தகைய சான்றுகள் அரியவை.

விடுதலைக்குப்பின் ஆட்டம் மீண்டது, பெயர் மீளவில்லை. 'ரக்பி' என்னும் சொல்லைப் பயன்படுத்தும் உரிமை மறுக்கப்பட்டமையால், 1990களின் தொடக்கம்வரை அது 'பதின்மூவர் ஆட்டம்' என்றே வழங்கப்பட்டது. தன் பெயரைச் சொல்லவியலாத ஆட்டம் பள்ளிகளிலும் ஊர்களிலும் புதியோரை எங்ஙனம் சேர்க்கும்? ஆயினும் 1951இல் பியூக் ஒபேர் இடம்பெற்ற அணி ஆஸ்திரேலிய மண்ணிலேயே தொடரை வென்றது. முதல் உலகக் கோப்பையும் 1954இல் பிரான்சிலேயே நடந்தது. தடைதான் பின்னைய தளர்ச்சிக்கு முழுக் காரணம் என்பாரும் உளர். இவ்வெற்றிகளைக் காணும்போது அவ்விளக்கம் போதுமானதாகத் தோன்றவில்லை.

2006இல் பெர்பிஞானின் கட்டலான்ஸ் டிராகன்ஸ் கழகம் இங்கிலாந்தின் சூப்பர் லீக்கில் சேர்ந்தது. 2018இல் வெம்பிளியில் வாரிங்டனை 20-14 என வென்று, சேலஞ்ச் கோப்பையைப் பெற்ற முதல் இங்கிலாந்து சாராத கழகமாயிற்று. 2025 உலகக் கோப்பையை நடத்தும் பொறுப்பும் பிரான்சுக்கே கிட்டியிருந்தது. அரசு கேட்ட நிதி உறுதியை அளிக்கவியலாமையால் 2023 மே மாதத்தில் ஏற்பாட்டாளர் அதனைக் கைவிட்டனர்.