கைநழுவிப் போனவர்கள்

சந்திப்பு மலருக்குக் கட்டுரை கேட்ட நண்பர்கள், "நம்ம கால்பந்து அணியோட வரலாற எழுதுங்க" என்றார்கள். வாங்கிய கோப்பைகளைப் பற்றி எழுத ஆள் இருக்கிறது. நான் எழுத நினைத்தது, நம் அணிக்கு வராமலே போன ஒருவனைப் பற்றி.

அது 1983. நம் கல்லூரி மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்த காலம். மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்தது 1990இல்தான். நான் இரண்டாம் ஆண்டு மாணவன், அணிச் செயலாளர். சொந்த ஊர் கடையநல்லூர். எங்கள் ஊரில் பிளஸ் டூ முடித்த ஒரு பையன் இடது காலால் ஆடுவதைப் பார்க்கவே சங்கரன்கோவில் வரை சைக்கிள் மிதித்த கூட்டம் உண்டு. அவனை நம் கல்லூரிக்குக் கொண்டுவந்து சேர்ப்பது என் பொறுப்பு.

சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு மாலையில், நானும் அணித் தலைவரும் அவன் வீட்டுக்குப் போனோம். உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது. அவன் தகப்பனார் தறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். நாங்கள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி:

"தம்பி, ஆட்டம் நின்னு போச்சுன்னா படிப்பு நிக்காதுல்லா?"

எங்களிடம் பதில் இல்லை. "கேட்டுச் சொல்றோம்" என்று எழுந்து வந்தோம். கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. பத்து நாளில் வேறொரு கல்லூரிக்காரர்கள் போய், கட்டணச் சலுகை, விடுதிச் சாப்பாடு எல்லாம் வாய்வார்த்தையாகச் சொல்லிப் பையனைச் சேர்த்துவிட்டார்கள். அதன்பின் நாம் தோற்ற ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரே பேச்சுதான்: "அவன் மட்டும் வந்திருந்தா..."

இந்தப் பேச்சு நமக்கு மட்டும் சொந்தமானது அல்ல. கல்கத்தாவில் ஒரு காலத்தில் வீரர்கள் கிளப் மாறும் பருவம் என்றால் ஊரே தூங்காது. எதிர்க் கிளப்பின் கண்ணில் படாமல் இருக்க, கையெழுத்துப் போடும் நாள்வரை வீரரை ஒளித்து வைப்பார்களாம்! அமெரிக்காவிலோ, அவர்கள் கால்பந்து என்று சொல்கிற, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டத்துக்குப் பள்ளி மாணவர்களையே ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை தரம் பிரிக்கிறார்கள். ஐந்து நட்சத்திரப் பையன் வேறு கல்லூரிக்குப் போய்விட்டால் இழந்தவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் ஆறாது. ஆனால் ஆரன் ராட்ஜர்ஸ் என்ற பையனைப் பள்ளி முடித்தபோது எந்தப் பெரிய கல்லூரியும் உதவித்தொகை தந்து கூப்பிடவில்லை. ஊர்ப்பக்கத்து இரண்டாண்டுக் கல்லூரியில் சேர்ந்து ஆடி, அங்கிருந்து மேலே வந்து, 2011இல் அந்நாட்டின் உச்சப் பட்டமான சூப்பர் பௌலை வென்றார். போட்ட நட்சத்திரம் ஒன்று, நடந்தது வேறொன்று.

நம் பக்கத்துச் சரித்திரத்தைப் பார்ப்போம். பீட்டர் தங்கராஜ் செகந்திராபாத்தில் ஆடத் தொடங்கியபோது கோல் அடிக்கும் இடத்தில் நின்றவர். ராணுவத்தில் சேர்ந்து, வெலிங்டனில் இருந்த மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணிக்கு வந்தபின்தான் கோல் காப்பாளரானார். அந்த அணி 1955லும் 1958லும் டூரண்ட் கோப்பையை வென்றது. பிறகு கல்கத்தா போய் முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்று மூன்று பெரிய கிளப்புகளுக்கும் ஆடினார். 1956 மெல்போர்ன், 1960 ரோம் ஒலிம்பிக்குகள், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம், 1967இல் அர்ஜுனா விருது. முதலில் ஆடிய இடத்தை வைத்து மட்டும் அவரை எடைபோட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றை மறக்கக் கூடாது: ராணுவத்தில் ஆட்டத்தோடு ஓர் உத்தியோகமும் இருந்தது.

அண்மைக் கதை ஒன்று. கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ், சென்னை சிட்டி அணியில் ஆடி எல்லார் கண்ணிலும் பட்டவர். 2018இல் ஜாம்ஷெட்பூர் அணிக்குப் போனார். "போச்சு, சென்னை சிட்டி அவ்வளவுதான்" என்று நானே சொன்னேன். அவர் இல்லாத அதே 2018-19 பருவத்தில்தான் சென்னை சிட்டி ஐ-லீக் பட்டத்தை வென்றது! போனவரும் சோடை போகவில்லை. ஏ.டி.கே. அணியில் சேர்ந்து, 2019-20 ஐ.எஸ்.எல். பட்டம் வென்ற அணியில் இருந்தார். அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே, 2020 நவம்பரில், முழங்காலில் அடி. அந்தப் பருவம் முழுக்க ஆட முடியவில்லை. பட்டம் வென்ற சென்னை சிட்டியோ 2021-22 ஐ-லீகில் இல்லவே இல்லை.

அதே சென்னை சிட்டியிலிருந்து போன நந்தகுமார் சேகர் வேறு விதம். டெல்லி, ஒடிசா என்று ஆண்டுக்கணக்கில் ஆடிப் பழுத்து, 2023 ஆகஸ்டில் ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகான் வலைக்குள் அடித்த ஒரே கோல், நாலு வருடத்துக்கு மேலாக அந்த எதிரியை வெல்ல முடியாமல் இருந்த ஏக்கத்தைத் தீர்த்தது.

இவற்றையெல்லாம் அடுக்கிப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இது. சேரும் நாளில் போடும் மதிப்பெண் அன்றைய காலுக்குத்தான். அதன்பின் ஆட இடம் கிடைக்கிறதா, அடிபட்டால் தாங்கிப் பிடிக்க ஆள் உண்டா என்பதுதான் மிச்சக் கதையை எழுதுகிறது.

நம் கடையநல்லூர்ப் பையன் கதையையும் சொல்லி முடிக்கிறேன். பல வருடம் கழித்து ஊரில் ஒரு கல்யாண வீட்டில் பார்த்தேன். தாடி நரைத்திருந்தது. சாப்பிட்டுக் கை கழுவும்போது நானே கேட்டேன், "அங்க போய் என்னப்பா ஆச்சு?"

"ரெண்டாம் வருசம் முட்டி போயிட்டுண்ணே. அதோட சலுகையும் நின்னு போச்சு. பீஸ் கட்ட முடியல. சவூதிக்குப் போயிட்டேன், இருவது வருசம்."

"நம்ம காலேஜுக்கு வந்திருந்தா..." என்று ஆரம்பித்தேன், பழக்கதோஷம்.

அவன் சிரித்தான். "அண்ணே, எங்கத்தா கேட்டதுக்கு நீங்களும் பதில் சொல்லலியே!"

அன்று இரவு தூக்கம் வரவில்லை. வீட்டில் கிடந்த பழைய அணி நோட்டை எடுத்துப் பார்த்தேன். அந்த மூன்று ஆண்டுகளில் விளையாட்டுக்காக நாம் சேர்த்துக்கொண்டவர்கள் ஐந்து பேர். அதில் இரண்டு பேர் பட்டம் வாங்காமல் நின்றவர்கள். ஒருவனுக்குக் கணுக்கால், இன்னொருவனுக்கு வீட்டுக் கஷ்டம். அவர்கள் நின்றபோது அணிச் செயலாளரான நான் ஒரு மனு எழுதியதாகக்கூட ஞாபகம் இல்லை. கைநழுவிப் போனவனை நினைத்து நாற்பது வருடம் புலம்பினேன். கைக்குள் இருந்தவர்கள் நழுவியதைக் கவனிக்கவில்லை.

எனவே முன்னாள் மாணவர் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். விளையாட்டுக்காகச் சேரும் மாணவர் அடிபட்டு ஆட முடியாமல் போனாலும், பட்டம் வாங்கும் வரை அவர் கட்டணத்தைச் சங்கம் ஏற்கும் என்று இந்தச் சந்திப்பிலேயே ஒரு தீர்மானம் போடுவோம். வாய்வார்த்தையாக வேண்டாம், எழுத்தில் வேண்டும். முதல் தொகையை என் பங்காகப் பொருளாளரிடம் கொடுத்துவிட்டேன்.

இன்றைய மாணவத் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. உங்களை யாராவது தேடி வந்து அழைத்தால், தறியை நிறுத்திவிட்டு வந்து அந்தப் பெரியவர் கேட்ட கேள்வியை நீங்களும் கேளுங்கள். பதில் வந்த பிறகு சேருங்கள்.