மலிவு கிட்டாரின் கதை: கொல்கத்தா ‘கிவ்சன்’ முதல் சுரபாயா ஹம்பக்கர் வரை

போன எபிசோடுக்கு அப்புறம் அதிகமா வந்த கேள்வி ஒண்ணுதான்: “காலேஜ்ல இருக்கேன், மெட்டலும் ராக்கும் வாசிக்கணும். 20,000 ரூபாய்க்குள்ள ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கினா வேலைக்கு ஆகுமா, இல்ல காசு வீணா?”

சுருக்கமான பதில்: ஆகும். ஆனா இந்தப் பதிலை 1985-ல மயிலாப்பூர்ல இருந்த ஒரு பையனுக்கு யாரும் சொல்லியிருக்க முடியாது. இடையில என்ன மாறுச்சு? அந்தக் கதை தெரிஞ்சா, கடையில எதைப் பார்க்கணும்னு தானா தெரிஞ்சுடும்.

கிட்டார் இருந்தது, கைக்கு எட்டல

மெட்ராஸுக்கு மேற்கத்திய வாத்தியம் புதுசு இல்ல. மவுண்ட் ரோடு மியூசி மியூசிகல் கடையோட தொடக்கம் 1842. அப்போ அதுக்கு மிஸ்க்வித்னு பேரு. மயிலாப்பூர்ல தன்ராஜ் மாஸ்டர்கிட்ட ஒரு தலைமுறையே மேற்கத்திய இசை கத்துக்கிட்டது. அதுல ஒருத்தர் இளையராஜா. லண்டன் டிரினிட்டி காலேஜோட கிளாசிக்கல் கிட்டார் தேர்வுல தங்கப் பதக்கம் வாங்கினவர். ரஹ்மான் சினிமாவுக்கு வர்றதுக்கு முன்னாடி நெமிசிஸ் அவென்யூங்கிற ராக் பேண்டுல இருந்தார். கோடம்பாக்கம், தி. நகர் ஸ்டுடியோக்கள்ல எலெக்ட்ரிக் கிட்டார் தினசரி வேலை செஞ்சது.

அதாவது வாசிக்கத் தெரிஞ்சவங்க இருந்தாங்க, கேட்கிறவங்களும் இருந்தாங்க. இல்லாதது, சாதாரண வீட்டுப் பிள்ளை வாங்கக்கூடிய நல்ல கருவி. காரணம் ரசனை இல்ல, இறக்குமதிக் கொள்கை. வெளிநாட்டு நுகர்பொருளுக்கு லைசென்ஸ், அதுக்கு மேல பெரிய சுங்கவரி. 1991 பட்ஜெட்ல உச்சபட்ச சுங்கவரியை 150 சதவீதத்துக்கு ‘குறைச்சாங்க’ன்னா, அதுக்கு முன்னாடி எப்படி இருந்திருக்கும்னு பார்த்துக்குங்க. அதனால வெளிநாட்டு கிட்டார்னா சிங்கப்பூர்லயோ துபாய்லயோ இருக்கிற சித்தப்பா மனசு வைக்கணும்.

மத்தவங்களுக்குக் கொல்கத்தாதான் கதி. கிவ்சன், ஹோப்னர், கிப்டோன். பேரைக் கவனிச்சீங்களா? கிப்சன்ல ஒரு எழுத்து மாத்தினா கிவ்சன். ஜெர்மனியோட ஹாஃப்னரைக் கொஞ்சம் திருப்பினா ஹோப்னர். சிரிப்பா இருக்கலாம். ஆனா இந்தியாவுல லட்சக்கணக்கான விரல்கள் முதல் முதலா ‘ஜி மேஜர்’ பிடிச்சது இந்த மாதிரி கிட்டார்லதான். பிரச்சினை என்னன்னா, பல கிட்டார்ல தந்தி ஃப்ரெட்போர்டுல இருந்து ரொம்ப உயரத்துல நிக்கும். அழுத்தினா விரல் வெந்துடும். மூணு மாசம் போராடிட்டு, “எனக்கு இசை வராது போல”ன்னு எத்தனை பேர் விட்டிருப்பாங்க? குறை கையில இல்ல, மரத்துல இருந்தது. மலிவு கிட்டாரைப் பத்திப் பேசறப்ப உண்மையிலேயே முக்கியமான கேள்வி இதுதான்: யார் வாசிக்கலாம், யார் பாதியில விட்டுடுவாங்க.

காப்பி அடிச்சவங்க எப்படிக் கத்துக்கிட்டாங்க

காப்பி அடிச்சது நம்ம ஊர் மட்டும் இல்ல. இபானெஸ் பிராண்டை நடத்துறது ஜப்பானோட நகோயாவுல இருக்கிற ஹோஷினோ காக்கி. 1970-கள்ல அவங்க கிப்சன், ஃபெண்டர் மாடல்களை அப்படியே செஞ்சு அமெரிக்காவுலயே வித்தாங்க. 1977-ல கிப்சனோட தாய் நிறுவனம் நார்லின், இபானெஸோட அமெரிக்க விநியோகஸ்தர் மேல வழக்கு போட்டுச்சு. கிட்டாரோட தலைப்பகுதி வடிவம்தான் தகராறு. கோர்ட்டுக்கு வெளியிலயே முடிஞ்சது. அதுக்கப்புறம் இபானெஸ் சொந்த வடிவங்களுக்குப் போனாங்க. 1987-ல வந்த ஆர்ஜி சீரிஸ் மெட்டல்காரங்களோட கிட்டாராவே ஆயிடுச்சு. இன்னைக்கு நீங்க கடையில பார்க்கிற கியோ சீரிஸ் அந்தக் குடும்பத்தோட மலிவுக் கிளை.

ஃபெண்டர் வேற வழி எடுத்தாங்க. ஜப்பான் காப்பிகளைத் தோற்கடிக்க ஜப்பான்லயே செய்யலாம்னு, 1982-ல ஸ்குயர் பேருல கிட்டார் இறக்கினாங்க. அதாவது கம்பெனியே தன்னோட மலிவு வடிவத்தைத் தானே வித்தது.

அப்புறம் வேலை கொரியாவுக்குப் போச்சு, அங்கிருந்து இந்தோனேசியா, சீனா. கணினி ஓட்டுற மர அறுவை மெஷின் வந்ததும் ஒவ்வொரு நெக்கும் ஒரே அளவுல வர ஆரம்பிச்சது. கொரியாவோட கோர்ட் நிறுவனம் இந்தோனேசியாவுல சுரபாயாவுல ஆலை வெச்சது. சொந்தப் பேரோட சேர்த்து மத்த பெரிய பிராண்டுகளுக்கும் ஒப்பந்தத்துல செஞ்சு கொடுக்குது. இந்தியா பக்கம், 2001 ஏப்ரல் 1-ல மிச்சம் இருந்த இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகளையும் எடுத்தாங்க. அந்த ரெண்டு கோடும் சேர்ற இடத்துலதான் உங்க 20,000 ரூபா கிட்டார் நிக்குது.

இந்த மலிவுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. 2007-ல கோர்ட் தன்னோட கொரிய ஆலைகளை மூடினப்ப வேலை இழந்த தொழிலாளர்கள் போராட ஆரம்பிச்சாங்க. ரேஜ் அகைன்ஸ்ட் த மெஷின் கிட்டாரிஸ்ட் டாம் மொரெல்லோ அவங்களுக்கு ஆதரவா நின்னார். உடன்பாடு வந்தது 2019-ல. பன்னிரண்டு வருஷம்! கோர்ட் வாங்காதீங்கன்னு நான் சொல்லல. விலைச்சீட்டுல இல்லாத ஒரு விலையும் உண்டுன்னு மட்டும் சொல்றேன்.

கனமான சத்தம் எங்கிருந்து வந்தது

மெட்டலுக்குக் காஸ்ட்லி கிட்டார் வேணும்னு யாராவது சொன்னா, அவங்ககிட்ட டோனி அயோமி கதையைச் சொல்லுங்க. 1965, பர்மிங்ஹாம். 17 வயசுல தகரத் தொழிற்சாலையில கடைசி நாள் வேலை. மெஷின்ல மாட்டி வலது கையில ரெண்டு விரல் நுனி போயிடுச்சு. அவர் இடது கைப் பழக்கம், அதனால தந்தியை அழுத்துற கையே அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செஞ்சார். கனமான தந்தியை அழுத்த முடியல, மெல்லிசான செட்டும் கடையில கிடைக்கல. பாஞ்சோ தந்தியை எடுத்து மாட்டினார். பிறகு தந்தியை இன்னும் தளர்த்தி, ஸ்ருதியை மூணு அரை ஸ்வரம் கீழ இறக்கினார். 1971-ல வந்த மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி ஆல்பத்துல கேட்கிற அந்த இருண்ட சத்தம் இப்படி வந்ததுதான்.

இன்னொரு கண்டுபிடிப்பு ஹம்பக்கர். பழைய சிங்கிள் காயில் பிக்கப் ஒரு ஆன்டெனா மாதிரி. நம்ம வீட்டு 50 ஹெர்ட்ஸ் கரன்ட், பழைய டியூப்லைட் சோக் எல்லாத்தோட இரைச்சலையும் இழுத்துக்கும். டிஸ்டார்ஷனைப் போட்டா அந்த ‘ம்ம்ம்’ பத்து மடங்கு ஆகும். கிப்சன் இன்ஜினியர் செத் லவர் 1955-ல, எதிர்த்திசையில சுத்தின ரெண்டு காயிலைப் பக்கத்துல பக்கத்துல வெச்சார். காந்தத்தையும் திருப்பி வெச்சார். இரைச்சல் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும், தந்தியோட சத்தம் மட்டும் கூடும். அதனால மெட்டல் வாசிக்கணும்னா பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கர் இருக்கான்னு முதல்ல பாருங்க.

கடையில 10 நிமிஷம்

பிராண்டை மறந்துட்டு கையில இருக்கிற அந்த ஒரு கிட்டாரைச் சோதிங்க. ஒரே மாடல்ல ரெண்டு கிட்டார் வேற வேறயா இருக்கும்.

நெக்: முதல் ஃப்ரெட்லயும் கடைசி ஃப்ரெட்லயும் தந்தியை அழுத்திட்டு, நடுவுல எட்டாவது ஃப்ரெட் பக்கம் பாருங்க. ஒரு விசிட்டிங் கார்டு கனத்துக்கு இடைவெளி இருந்தா சரி. அதிகமோ ரொம்பக் குறைவோ இருந்தா டிரஸ் ராடைத் திருப்பித் தரச் சொல்லுங்க. திருப்பியும் சரியாகலன்னா வேற பீஸ் கேளுங்க.

ஸ்ருதி: ஃபோன்ல டியூனர் போட்டு, பன்னிரண்டாவது ஃப்ரெட்ல ஹார்மோனிக்கையும் அதே இடத்துல அழுத்தின ஸ்வரத்தையும் ஒப்பிடுங்க. ரெண்டும் ஒத்துப்போகணும்.

பெண்ட்: இதுக்கு மாண்டலின் ஸ்ரீனிவாஸை நினைச்சுக்குங்க. மாண்டலின்ல ரெண்டு ரெண்டா எட்டுத் தந்தி இருக்கும். அவர் எலெக்ட்ரிக் மாண்டலின்ல அஞ்சு ஒத்தைத் தந்தி வெச்சார். கமகத்துக்கு ஸ்வரம் வளையணும், வளையறப்ப நீடிச்சு ஒலிக்கணும். சபாவுல அவருக்குத் தேவைப்பட்டதும் மெட்டல் சோலோவுக்குத் தேவைப்படறதும் ஒண்ணுதான். கீழ் ‘ஈ’ தந்தியைப் பதினைஞ்சாவது ஃப்ரெட்ல ஒரு முழு ஸ்வரம் இழுங்க. நடுவுல சத்தம் செத்துட்டா ஃப்ரெட் சமமா இல்லன்னு அர்த்தம். பத்து தடவை இழுத்துட்டு டியூனரைப் பாருங்க. ஸ்ருதி இறங்கியிருந்தா நட்டோ கீயோ சரியில்ல.

பிரிட்ஜ்: இந்த விலையில அசையாத பிரிட்ஜ் போதும். மிதக்கிற டிரெமோலோ மலிவா வந்தா தலைவலி. டிராப் டி-க்கு ஒரு தந்தியை இறக்கினா மத்த அஞ்சும் கலையும். ரொம்பக் கீழ இறக்கி வாசிக்கிறவங்க 25.5 அங்குல ஸ்கேல் எடுங்க, கிப்சனோட 24.75-ஐ விட தந்தி இறுக்கமா நிக்கும்.

கடைசியா, கிட்டாருக்கே முழு பட்ஜெட்டையும் போடாதீங்க. ஆம்ப், செட்டப், புது தந்தி எல்லாத்துக்கும் காசு வேணும். பெசன்ட் நகர், சாந்தோம்ல வீடு இருந்தா, வாசிச்சு முடிச்சதும் தந்தியைத் துணியால துடைங்க. கடல் காத்து தந்தியை மட்டுமில்ல, பிரிட்ஜ் திருகையும் துருப்பிடிக்க வெச்சுடும்.

மேடை இங்கேயே இருந்தது

அடையாறு அன்வைண்ட் சென்டர்ல நடந்த ஜூன் ராக் அவுட்ல எத்தனையோ சென்னை பேண்டுகள் மேடை ஏறியிருக்கு. 2009-ல ஸ்வீடன் மெட்டல் பேண்ட் ஓப்பெத், ஐ.ஐ.டி. மெட்ராஸோட சாரங் விழாவுல வாசிச்சாங்க. அதே ஐ.ஐ.டி.-யில நேவல் ஆர்க்கிடெக்சர் படிச்சுட்டுப் போனவர்தான் கர்நாடக சங்கீதத்தை எலெக்ட்ரிக் கிட்டார்ல வாசிக்கிற பிரசன்னா.

இந்த ஊர்ல திறமையும் காதும் எப்பவுமே இருந்தது. சித்தப்பா துபாய்ல இருந்தாத்தான் கிட்டார்ங்கிற நிலைமை மட்டும் இப்ப இல்ல. அதனால வாங்கலாமான்னு யோசிச்சிட்டிருக்கிறவங்க, டியூனர் ஆப்பை ஃபோன்ல ஏத்திக்கிட்டு கடைக்குக் கிளம்புங்க. ரெண்டு மூணு கிட்டாரையாவது மடியில வெச்சுப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.