மினியின் கால்கள்

இங்கிலாந்தின் வில்ட்ஷயர் பகுதியில் பிராட்ஃபோர்டு-ஆன்-ஏவன் என்றொரு சிற்றூர். நூற்றாண்டுக் கணக்கில் கம்பளித் துணி நெய்து பிழைத்த ஊர். அந்தத் தொழில் நொடித்துப்போன நேரத்தில், 1848இல், ஸ்டீபன் மோல்ட்டன் என்பவர் அங்கிருந்த ஆலை ஒன்றை வாங்கி ரப்பர் தொழிற்சாலை ஆக்கினார். கந்தகம் சேர்த்துச் சூடேற்றி ரப்பரை உறுதியாக்கும் முறையை அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்திருந்தார். அந்த ரப்பரின் மாதிரிகளை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தவர்களில் மோல்ட்டனும் ஒருவர். கிரிமியப் போருக்குப் போன சிப்பாய்களுக்கு மழைக்கோட்டு செய்து கொடுத்த ஆலை, பிறகு ரயில் பெட்டிகளுக்கான ரப்பர் ஸ்பிரிங்குகளுக்கும் பஃபர்களுக்கும் பெயர் வாங்கியது.

ஸ்டீபனின் கொள்ளுப்பேரன் அலெக்ஸ் மோல்ட்டன். ரயில் பெட்டியின் எடையைத் தாங்கும் ரப்பர் ஒரு காரின் எடையைத் தாங்காதா என்ற யோசனை இந்த வீட்டுப் பிள்ளைக்கு வந்ததில் வியப்பில்லை. உலகப் போருக்குப் பிறகு அவருக்கு அலெக் இஸிகோனிஸின் நட்பு கிடைத்தது. ஸ்மிர்னாவில் பிறந்து, பதினாறு பதினேழு வயதில் அகதியாக இங்கிலாந்து வந்து சேர்ந்தவர் இஸிகோனிஸ். கொழும்புத் தெருக்களில் பல காலம் டாக்சியாக ஓடிய மொரிஸ் மைனர் அவர் வரைந்ததுதான். 1930களிலேயே நண்பர் ஜார்ஜ் டௌசனோடு சேர்ந்து தம் கையால் கட்டிய பந்தயக் காரில் ரப்பரை ஸ்பிரிங்காக வைத்துப் பார்த்தவர். இருவருக்கும் ஒத்துப்போனது.

1956இல் சூயஸ் நெருக்கடி வந்தது. பிரிட்டனில் பெட்ரோலுக்குப் பங்கீடு. பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் தலைவர் லெனார்டு லார்டு, ஒழுங்கான ஒரு சின்னக் கார் உடனே வேண்டும் என்றார். அதுதான் 1959 ஆகஸ்டு 26 அன்று வெளிவந்த மினி. நீளம் பத்தடி, எடை ஏறத்தாழ 600 கிலோ, எஞ்சின் 848 சிசி. எஞ்சினைக் குறுக்கே படுக்க வைத்து, அதன் அடியிலேயே கியர்பாக்ஸைப் பொதித்ததால் நான்கு பேர் தாராளமாக உட்கார இடம் கிடைத்தது. எல்லாரும் வியந்து பேசியது இதைத்தான். சஸ்பென்ஷன் அப்போது அவ்வளவாக யார் கண்ணிலும் படவில்லை.

உண்மையில் சின்னக் காரின் பெரிய தலைவலியே அதுதான். 600 கிலோ காரில் நான்கு பெரியவர்கள் ஏறி, சாமானையும் திணித்தால், காரின் எடையில் பாதியளவு கூடிவிடுகிறது. பெரிய காருக்கு இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை. முழுச் சுமைக்கு ஏற்ப எஃகுச் சுருளை வைத்தால், தனியாகப் போகிறவரின் முதுகு ஒடியும். தனி ஆளுக்கு ஏற்ப வைத்தால், குடும்பத்தோடு கிளம்பும்போது வண்டியின் அடிப்பக்கம் தரையில் உரசும். மோல்ட்டன் தந்த விடை, கைக்கு அடக்கமான ஒரு ரப்பர் கூம்பு. இரண்டு எஃகுப் பாகங்களுக்கு நடுவே ஒட்டிய ரப்பர் அது. லேசாக அழுத்தினால் இளகிக் கொடுக்கும். அழுத்தம் ஏற ஏறக் கெட்டிப்படும். சுமைக்கு ஏற்ற கடினத்தை அதுவே தேடிக்கொண்டது. இடமும் மிச்சம்.

கூம்புக்கும் சக்கரத்தின் கைக்கும் நடுவில் டிரம்பெட் என்று மெக்கானிக்குகள் சொல்லும் அலுமினியத் தண்டு. அதன் நுனியில், நைலான் கிண்ணத்துக்குள் சுழலும் ஒரு குண்டு மூட்டு. முன்சக்கரம் சுமார் மூன்று அங்குலம் எழும்பினால் கூம்பு அமுங்குவது ஒரு அங்குலம்; பின்சக்கரத்துக்கு இந்தக் கணக்கு ஐந்துக்கு ஒன்று. பிற்காலத்தில் மினியில் கை வைத்த எல்லாருக்கும் இந்தக் கணக்குதான் வரமாகவும் சாபமாகவும் ஆனது. தண்டின் நீளத்தில் நூலளவு மாற்றினாலும் வண்டியின் உயரம் கண்ணுக்குத் தெரியும்படி மாறிவிடும்.

சக்கரம் எவ்வளவு சிறியதாக இருக்க வேண்டும் என்று டன்லப் நிறுவனத்தார் கேட்டபோது, இஸிகோனிஸ் இரண்டு கைகளை விரித்துக் காட்டினார், அளந்தால் பத்து அங்குலம் இருந்தது என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, சக்கரம் பத்து அங்குலம்தான். முதல் சோதனை வண்டிகளில் சஸ்பென்ஷன் பூட்டிய இடத்தில் உடற்தகடு விரிசல் விட்டதால், முன்னும் பின்னும் தனித்தனி சப்ஃபிரேம்கள் வந்தன. நான்கு மூலையிலும் சக்கரம், தாழ்ந்த உடல், நறுக்கென்று திரும்பும் ஸ்டீயரிங், வளைவில் அதிகம் சாயவிடாத ரப்பர். இவை எல்லாம் சேர்ந்தபோது, யாரும் திட்டமிடாத ஒன்று பிறந்தது. வண்டி சாலையைப் பிடித்து ஓடியது. இஸிகோனிஸ் செய்ய நினைத்தது சாமானியர்களுக்கான கார். பந்தயம் அவர் மனத்தில் இல்லை.

பந்தயக்காரர்களின் மனத்தில் உடனே விழுந்தது. 1961லேயே ஜான் விட்மோர் 850 சிசி மினியை ஓட்டி பிரிட்டிஷ் சலூன் கார் சாம்பியன் ஆனார். 1959, 1960 இரண்டு ஆண்டும் ஃபார்முலா ஒன் தயாரிப்பாளர் பட்டம் வென்ற கூப்பர் நிறுவனத்தின் ஜான் கூப்பர், இஸிகோனிஸின் தயக்கத்தைத் தாண்டி மேலதிகாரி ஜார்ஜ் ஹாரிமனின் சம்மதத்தைப் பெற்றார். 1961இல் மினி கூப்பர் வந்தது. அவர் பெரிதும் மாற்றியது எஞ்சினையும் பிரேக்கையும். சஸ்பென்ஷன் அப்படியே இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 1962 டியூலிப் ரேலியில் பாட் மாஸ் வென்றார். 1964 மான்டே கார்லோ ரேலியில் மின்ஸ்க் நகரிலிருந்து கிளம்பிய பேடி ஹாப்கிர்க், 1071 சிசி கூப்பர் எஸ்ஸில், அதைவிட நான்கு மடங்குக்கும் மேல் பெரிய எஞ்சின் கொண்ட ஃபோர்டு ஃபால்கனைப் பின்தள்ளி முதலில் வந்தார். அவர் வண்டி ஓடியதும் அதே ரப்பர் கூம்புகள் மேல்தான்.

அதே 1964ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நிறுவனம் அந்தக் கூம்பைக் கழற்றிப் போட்டது.

அந்த இடத்துக்கு வந்தது ஹைட்ரோலாஸ்டிக். இதுவும் மோல்ட்டனின் மூளையில் பிறந்ததுதான். 1962இல் மொரிஸ் 1100 காரில் பெயர் வாங்கியிருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் முன்சக்கரத்தின் அலகையும் பின்சக்கரத்தின் அலகையும் ஒரு குழாய் இணைக்கும். உள்ளே தண்ணீரும் ஆல்கஹாலும் கலந்த திரவம். முன்சக்கரம் மேட்டில் ஏறினால் திரவம் பின்னால் ஓடி பின்பக்கத்தையும் தூக்கும்; வண்டி முன்னும் பின்னும் ஆடாமல் மட்டமாகவே கடக்கும். அருமையான யோசனை. மொரிஸ் 1100இல் அது அருமையாகவே வேலை செய்தது. மினியிலோ ஆக்சிலேட்டரை மிதித்தால் மூக்கு தூக்கியது, பிரேக்கை அழுத்தினால் கவிழ்ந்தது. பயணிக்குச் சுகம் கூடியது. ஓட்டுநரின் கைக்குச் சாலை கொஞ்சம் விலகிப் போனது. ஷாக் அப்சார்பர் வேலையையும் உள்ளே இருந்த வால்வுகளே செய்ததால், கழற்றி மாற்ற வெளியே ஒன்றும் இல்லை. அபிங்டனில் இருந்த நிறுவனத்தின் ரேலிப் பிரிவு கெட்டியான அலகுகள், கூடுதல் ரப்பர் முட்டுகள், தனி ஷாக்குகள் என்று சேர்த்து ஒருவாறு வழிக்குக் கொண்டுவந்தது. 1965இல் டிமோ மாக்கினன், 1967இல் ராவ்னோ ஆல்டோனன் என மான்டே கார்லோ வெற்றிகள் தொடர்ந்தன. 1966இல் முதல் மூன்று இடமும் மினிக்குக் கிடைத்து, முன்விளக்குகள் விதிப்படி இல்லை என்ற காரணத்தால் மூன்றும் பறிபோயின. வட்டப் பாதைப் பந்தயக்காரர்கள் பலருக்கு இந்தப் பொறுமை இல்லை. புது வண்டியை வாங்கி, திரவத்தை வடித்து, பழைய கூம்பையே திரும்பப் பூட்டினார்கள்.

பிறகு நிறுவனமும் அதையே செய்தது. 1969இல் சாதாரண மினிகள் கூம்புக்குத் திரும்பின. 1971க்குள் மற்றவையும் திரும்பின. ஓட்டுநர்களின் முறையீட்டைக் கேட்டு இறங்கி வந்தார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். கூம்பு மலிவு.

இதற்குள் மினிக்கு உதிரி விற்பதே ஒரு தொழிலாக வளர்ந்துவிட்டது. அபிங்டனிலேயே ஸ்பெஷல் டியூனிங் என்ற பிரிவு, ரேலி வண்டிக்குச் செய்த பாகங்களைப் பொதுமக்களுக்கும் விற்றது. அந்தப் பாகங்களில் எது உண்மையில் வேலை செய்தது என்று பார்த்தால், அதிகம் பளபளக்காதவைதான். ஆலையிலிருந்து வரும் மினியின் முன்சக்கரங்கள் மேற்பக்கம் ஒன்று முதல் மூன்று டிகிரி வரை வெளியே சாய்ந்திருக்கும். நேர்ச்சாலையில் அதனால் கெடுதல் இல்லை. வளைவில் உடல் சாயும்போது அந்த டயர் தன் வெளி ஓரத்தில் மட்டும் நிற்கும். கீழ்க்கையைச் சற்றே நீளமானதாக மாற்றினால் சக்கரம் ஒன்றரை டிகிரி உள்ளே சாய்கிறது. வளைவில் டயர் முழு அகலத்தோடு தரையில் படிகிறது. விலை சொற்பம், பலன் முதல் வளைவிலேயே தெரியும். கூடவே முன்பின் இழுவைத் தண்டுகளைத் திருகி மாற்றக்கூடியதாகப் போட்டு, சக்கரத்தின் கோணங்களை மறுபடி சரிபார்க்க வேண்டும். இந்த இரண்டாவது வேலையை விட்டவர்கள்தான் வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது என்று புலம்பினார்கள்.

அடுத்தது ஷாக் அப்சார்பர். கூம்பு சக்கரத்தைத் துள்ளவிடாமல் அடக்க, அதற்கு ஈடான ஷாக் வேண்டும். கோனி, ஸ்பாக்ஸ் போன்றவற்றின் திருகி மாற்றக்கூடிய ஷாக்குகள் மினிக்காரர்களின் பட்டியலில் முதலிடம் பிடித்தது அதனால்தான். ஆனால் இருப்பதிலேயே கெட்டியாக முறுக்கி வைப்பதில் புத்திசாலித்தனம் இல்லை. கெட்டியான கூம்பு, கெட்டியான ஷாக், பத்து அங்குலச் சக்கரம் மூன்றும் சேர்ந்தால் குண்டும் குழியுமான சாலையில் டயர் தரையில் இருக்கும் நேரத்தைவிட அந்தரத்தில் இருக்கும் நேரம் கூடிவிடும். அந்தரத்தில் இருக்கும் டயர் எதையும் பிடிக்காது.

மினி முன்பக்கம் கனத்த வண்டி. வளைவில் வேகம் மிஞ்சினால் மூக்கு வெளியே ஓடும். பயந்து ஆக்சிலேட்டரை விட்டால் மூக்கு உள்ளே வந்து வால் சுழலும். ஃபின்லாந்து ஓட்டுநர்கள் இதையே கருவியாக்கினார்கள்: வலக்கால் ஆக்சிலேட்டரில் இருக்க, இடக்காலால் பிரேக்கைத் தொட்டு வாலைத் தேவையான அளவு திருப்பினார்கள். அந்தக் கால் இல்லாதவர்களுக்காக வந்தது பின்பக்க ஆன்டி-ரோல் பார். மூக்கு வெளியே ஓடுவதை அது குறைத்தது. ஈரச் சாலையில் வால் சட்டென்று பிய்த்துக்கொண்டு போகும் வாய்ப்பையும் கூட்டியது. அன்றாடம் ஓட்டும் வண்டிக்கு அது தேவையே இல்லை.

எல்லாரும் ஆசைப்பட்டது உயரத்தைக் குறைக்க. தொடக்கத்தில் தண்டின் முனையைச் சீவினார்கள். சீவியது சீவியதுதான், திரும்ப ஒட்டாது. பிறகு ஹை-லோ என்ற திருகு வைத்த தண்டு வந்து, பானாவைப் போட்டு ஏற்றி இறக்கும் வசதி கிடைத்தது. வசதி வந்ததும் அளவு போயிற்று. ஓரளவு இறக்கினால் எடை தாழ்ந்து வண்டி நன்றாகவே நிற்கும். அதற்கு மேல் இறக்கினால் சக்கரம் எழும்ப இடமின்றி ரப்பர் முட்டில் போய் இடிக்கும். முட்டில் இடித்த கணத்தில் சஸ்பென்ஷன் என்று ஒன்று கிடையாது. பழைய நீள ஷாக்கும் பொருந்தாது, குட்டை ஷாக் வாங்க வேண்டும். படத்தில் அழகாக இருக்கும் பல மினிகள் வளைவில் கெட்டுப்போனது இப்படித்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பத்துப் பதினைந்து ஆண்டு ஆன கூம்பு தானாகவே அமுங்கிக் கட்டையாகிவிடும். வண்டி தாழ்ந்திருப்பதைப் பார்த்து முன்பு இருந்தவர் நல்ல வேலை செய்திருக்கிறார் என்று மகிழ்ந்து வாங்கியவர்கள் உண்டு. செத்துப்போன கூம்பையும் தேய்ந்த நைலான் கிண்ணத்தையும் மாற்றி, குண்டு மூட்டுக்கு கிரீஸ் வைத்தாலே அந்த வண்டி பாதி சரியாகிவிடும். புதுப் பாகம் சேர்ப்பதற்கு முன் பழையது செத்ததா பிழைத்ததா என்று பார்க்கும் வழக்கம் எல்லா நாட்டிலும் குறைவு.

சக்கரமும் வளர்ந்தது. 1984இல் மினி வரிசை முழுவதும் பன்னிரண்டு அங்குலத்துக்கு மாறியது; பெரிய டிஸ்க் பிரேக்குக்கு உள்ளே இடம் வேண்டியிருந்தது. 1990களில் பதின்மூன்று அங்குலமும், அதை மூட அகலமான வளைவுத் தகடுகளும் வந்தன. பார்க்க ஜோர். ஸ்டீயரிங் கனத்தது, திரும்பும் வட்டம் விரிந்தது. பழைய ஆட்கள் இன்றும் நல்ல டயர் போட்ட பத்து அங்குலத்தைத்தான் சொல்வார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கூம்பை எடுத்துவிட்டு அதே இடத்தில் உட்காரும் எஃகுச் சுருளும் சந்தைக்கு வந்தது. தனியாகப் போகும்போது மென்மை. நான்கு பேர் ஏறினால் மோல்ட்டன் தீர்த்து வைத்த அதே பழைய சிக்கல்.

மோல்ட்டன் சும்மா இருக்கவில்லை. சின்னச் சக்கரமும் ரப்பர் சஸ்பென்ஷனும் வைத்த சைக்கிள் ஒன்றை 1962இல் கொண்டுவந்து, அதிலும் பெயர் வாங்கினார். முதுமையிலும் தம் மினியில் சோதனை செய்து, மென்மையான கூம்பும் அதற்கு ஏற்ற ஷாக்கும் அடங்கிய ஒரு தொகுப்பைத் தந்தார். சுகத்துக்காகக் கையாளும் தன்மையைக் கைவிட வேண்டியதில்லை என்று அதில் காட்டினார். 2012இல் காலமானார்.

ரிச்சர்டு லாங்மன் 1978, 1979 இரண்டு ஆண்டும் மினி 1275 ஜிடியில் பிரிட்டிஷ் சலூன் கார் பட்டத்தை வென்றார். விட்மோர் வென்று பதினேழு பதினெட்டு ஆண்டுகள் கழித்து, வடிவத்தில் பெரிதாக மாறாத அதே கார். கடைசி மினி 2000 அக்டோபரில் லாங்பிரிட்ஜ் ஆலையிலிருந்து இறங்கியது. மொத்தம் 53 லட்சத்துக்கும் மேல். அடுத்த ஆண்டு பிஎம்டபிள்யூ வெளியிட்ட புது மினியில் நான்கு சக்கரத்துக்கும் எஃகுச் சுருள் ஸ்பிரிங்.