மழை கேட்டு ஏற்றிய விளக்குகள்

சென்ற வாரம் பார்த்த பெந்தெகொஸ்தே கோதுமை அறுவடைக்கானது. கூடாரப் பண்டிகை அதற்கு நான்கு மாதம் கழித்து, யூத நாட்காட்டியின் ஏழாம் மாதம் 15ஆம் நாள் பௌர்ணமியில் தொடங்கும். களத்துமேட்டு வேலை முடிந்து, திராட்சை மிதித்தும் ஆகிவிட்டிருக்கும். வெறுமனே 'பண்டிகை' என்றாலே யூதர்களுக்கு அந்நாளில் இதுதான்.

ஆனால் எருசலேமில் மே மாதத்துக்குப் பிறகு அக்டோபர் வரை மழை பெய்வது அபூர்வம். பண்டிகை வரும்போது களஞ்சியம் நிறைந்திருக்கும். மழைநீர்த் தொட்டிகள் அடிமட்டத்தில் கிடக்கும். வானம் திறந்தால்தான் அடுத்த விதைப்பு. விளைச்சலுக்கு நன்றி சொல்லும் விழா என்று எழுதிவிட்டுப் போகிறோம். அந்த ஏழு நாளையும் நடத்தியது மழையைப் பற்றிய கவலை என்றே எனக்குத் தோன்றுகிறது.

காலைதோறும் ஆசாரியர் ஒருவர் சீலோவாம் குளத்தில் பொற்குடம் நிறைய நீர் மொண்டு வந்து பலிபீடத்தில் வார்ப்பார். ஒருமுறை ஓர் ஆசாரியர் நீரைத் தன் காலிலேயே கொட்டிவிட, கூட்டம் பண்டிகைக்காகக் கையில் வைத்திருந்த நாரத்தம் பழங்களாலேயே அவரை அடித்தது என்கிறது யூத மரபுத் தொகுப்பான மிஷ்னா. மழைக்கான நீரோடு விளையாடினால் விடுவார்களா?

இரவானால் விளக்குகள். ஆலயத்தின் பெண்கள் முற்றத்தில் பொன் விளக்குத்தண்டுகள். ஒவ்வொன்றின் உச்சியிலும் நான்கு பொற்கிண்ணங்கள், நான்கு ஏணிகள். இளம் ஆசாரியர்கள் எண்ணெய்ச் சாடியோடு ஏறுவார்கள். ஆசாரியர்களின் நைந்துபோன கால்சட்டைகளையும் இடைக்கச்சைகளையும் கிழித்துத்தான் திரி. தண்டுகளின் உயரம் 50 முழம் என்று, மிஷ்னாவை விரித்துரைக்கும் தல்மூத் சொல்வதில் மிகை இருக்கலாம். பழந்துணித் திரியை யாரும் கற்பனையில் சேர்த்திருக்க மாட்டார்கள். அந்த வெளிச்சம் எட்டாத முற்றமே எருசலேமில் இல்லையாம். 15 படிகளில் லேவியர் நின்று யாழும் கைத்தாளமும் இசைக்க, பக்திமான்கள் தீப்பந்தம் ஏந்தி ஆடுவார்கள். எட்டுப் பந்தங்களை மாற்றி மாற்றி எறிந்து பிடித்தவர் சாதாரண ஆள் இல்லை, பெரும் யூத அறிஞர் ரப்பான் சிமெயோன் பென் கமாலியேல்! ஒலிவப் பறிப்பு பெரும்பாலும் பண்டிகைக்குப் பிறகுதான் சூடுபிடிக்கும். ஆகவே விளக்குகளில் எரிந்தது முந்தைய ஆண்டின் எண்ணெயாகவே இருந்திருக்கும்.

நீரும் ஒளியும் ஏன் சேர்ந்து வந்தன? பண்டிகையில் வாசிக்கப்பட்ட சகரியா 14ஆம் அதிகாரத்தில் விடை இருக்கிறது. அங்கே சாயங்காலத்திலும் வெளிச்சம் உண்டாகிறது, எருசலேமிலிருந்து ஜீவநீர் புறப்படுகிறது. இப்பண்டிகைக்கு வராத இனத்தாருக்கு மழை மறுக்கப்படுகிறது.

இதே பண்டிகையில்தான் இயேசு தாகமுள்ளவர்களைத் தன்னிடம் அழைக்கிறார் (யோவான் 7:37). பிறகு தன்னையே உலகின் ஒளி என்கிறார் (8:12). இரண்டுக்கும் நடுவே விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதை வருகிறது. மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் அந்தக் கதை இல்லை. அதை எடுத்துவிட்டுப் படித்தால் நீரும் ஒளியும் ஏறத்தாழ அடுத்தடுத்து நிற்கின்றன. கேட்டவர்களுக்குக் காலையில் வார்த்த குடமும் இரவில் எரிந்த கிண்ணங்களும் நினைவுக்கு வந்திருக்கும். சிலருக்குக் கோபமும் வந்திருக்கும்.

இயேசுவுக்கு முன்பே, கி.மு. 164இல், மலைக்குகைகளில் ஒளிந்திருந்து கூடாரப் பண்டிகையைத் தவறவிட்ட யூதக் கிளர்ச்சியாளர்களான மக்கபேயர்கள், ஆலயத்தை மீட்டபின் குளிர்காலத்தில் அதே பாணியில் எட்டு நாள் கொண்டாடினார்கள். அது தனி விளக்குப் பண்டிகையான கதை அடுத்த வாரம்.