கணிப்பொறிக்கு யார் காவல்? விடுதியில் தொடங்கிய ஒரு வாக்குவாதம்

மலர்க் குழுவினர் "வரலாறு சம்பந்தமா ஏதாவது எழுதிக் கொடுங்க" என்று கேட்டபோது, அதியமான்கோட்டையைப் பற்றியோ பாப்பாரப்பட்டி சுப்பிரமணிய சிவாவைப் பற்றியோ எதிர்பார்த்திருப்பார்கள். அவற்றை எழுத என்னைவிடத் தகுதியுள்ளவர்கள் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள். நான் எழுதப் போவது நேற்று நடந்த வரலாறு. கணிப்பொறிக்குள் வைரஸ் நுழைந்தால் குற்றம் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மீதா, பிரவுசர் மீதா, உட்கார்ந்திருக்கும் ஆளின் மீதா என்று நானும் என் விடுதி அறை நண்பனும் முப்பது வருடமாகப் போட்டுக்கொண்டிருக்கும் சண்டையின் வரலாறு. அவன் பெயரைப் போட்டால் அடுத்த சந்திப்புக்கு வர மாட்டான் என்பதால் 'நண்பன்' என்றே குறிப்பிடுகிறேன்.

நம் காலத்தில் கணிப்பொறி அறைக்குள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். நினைவிருக்கிறதா? மின்விசிறி இல்லாத வகுப்பறைகளுக்கு நடுவே அந்த ஒரே அறையில் மட்டும் ஏ.சி. ஓடும். தூசியில்தான் வைரஸ் ஒட்டிக்கொண்டு வருகிறது, அதனால்தான் செருப்புக்குத் தடை என்று யாரோ கிளப்பிவிட, எங்களில் பாதிப் பேர் நம்பினோம். உண்மையில் அது பிளாப்பியில் வந்துகொண்டிருந்தது. ஐ.பி.எம். வகைக் கணிப்பொறிகளில் பரவிய முதல் வைரஸ் எனப்படும் 'பிரெய்ன்', 1986-இல் லாகூரைச் சேர்ந்த இரு சகோதரர்கள் எழுதியது. தங்கள் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாவற்றையும் அதற்குள்ளேயே போட்டு வைத்திருந்தார்கள்! திருடன் விசிட்டிங் கார்டு வைத்துவிட்டுப் போன காலம் அது.

கல்லூரி முடிந்து சில வருடங்கள் கழித்து, 2001-இல், நானும் நண்பனும் கூட்டாகத் தர்மபுரியில் ஒரு பிரவுசிங் சென்டர் திறந்தோம். ஆறு கணிப்பொறிகள், ஒரு தொலைபேசி இணைப்பு, பிளைவுட் தடுப்புகள். 2003 ஆகஸ்டு மாதம் ஒரு நாள் மாலை, பாலக்கோடு பக்கத்துப் பையன் ஒருவன் பெங்களூரில் ஒரு வேலைக்கு ரெஸ்யூம் அனுப்ப வந்தான். அன்றைக்குள் அனுப்ப வேண்டும். பாதி அடித்திருப்பான், திரையில் ஒரு பெட்டி தோன்றி அறுபது விநாடிகள் எண்ணத் தொடங்கியது. எண்ணி முடிந்ததும் கணிப்பொறி தானாக அணைந்து மறுபடி எழுந்தது. மூன்று முறை அடித்தான், மூன்று முறையும் அதே கதை. "பரவால்லைண்ணா" என்று சொல்லிவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டான். அவனுக்கு அந்த வேலை கிடைத்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அது 'பிளாஸ்டர்' என்ற புழு. விண்டோஸ் எக்ஸ்.பி., விண்டோஸ் 2000 இரண்டிலும் இருந்த ஓர் ஓட்டையின் வழியாக, யாரும் எதையும் கிளிக் செய்யாமலே நுழைந்தது. ஆனால் அந்த ஓட்டையை அடைக்கும் ஒட்டு ஜூலை 16-ஆம் தேதியே வெளியாகிவிட்டது. புழு புறப்பட்டது ஆகஸ்டு 11. இடையில் மூன்றரை வாரம் இருந்தது. நாங்கள்தான் போடவில்லை. டெலிபோன் பில் ஏறுமே என்ற கணக்கு ஒன்று. எங்களிடம் இருந்தது முறையாக வாங்கிய பிரதியல்ல என்பது இன்னொன்று. இதை இன்று ஒப்புக்கொள்கிறேன். அன்று ஒப்புக்கொள்ளாமல், "எல்லாம் இந்த விண்டோஸால வந்த வினை, லினக்ஸ் போட்டிருந்தா இப்படி ஆகுமா?" என்று நண்பன் மீது பாய்ந்தேன்.

அவன் நிதானமாகச் சொன்னான்: "காய்ச்ச மரந்தான்டா கல்லடி படும். ஊரெல்லாம் லினக்ஸ் இருந்தா திருடனும் அங்கதான் போவான்."

இதில் பாதி உண்மை உண்டு. மீதிப் பாதியைச் சொல்லியாக வேண்டும். லினக்ஸுக்கு முன்மாதிரியான யூனிக்ஸ் 1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்து, பலர் ஒரே கணிப்பொறியைப் பகிர்ந்துகொள்வதற்காக வளர்ந்தது. ஒருவர் கோப்பை இன்னொருவர் தொடக்கூடாது என்பது அதன் அடிப்படை விதி. விண்டோஸ் 95-ம் 98-ம் ஓர் ஆள், ஒரு கணிப்பொறி என்ற எண்ணத்தில் வந்தவை; அவற்றில் வீட்டுக்காரனும் வழிப்போக்கனும் ஒன்றே. எக்ஸ்.பி.யில் பிரிக்கும் வசதி இருந்தும், வீட்டுக் கணிப்பொறியை முதலில் அமைக்கும்போது உண்டாகும் கணக்குகள் எல்லா அதிகாரமும் உடையவையாகவே இருந்தன. போதாக்குறைக்கு, 1997-இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4 முதல் பிரவுசரும் இயங்குதளமும் ஒன்றோடொன்று பின்னப்பட்டன. அமெரிக்க அரசு 1998 மே மாதம் தொடுத்த வழக்கிலும், இரண்டையும் பிரிக்க முடியாது என்பதே மைக்ரோசாஃப்டின் வாதம். வியாபாரத்துக்கு அது பலம், காவலுக்குப் பலவீனம். ஜன்னலில் கை வைத்தவன் நேராகப் பூஜை அறைக்கே போய்விடலாம்.

அந்த நிறுவனமும் சும்மா இருக்கவில்லை. 2002 ஜனவரியில் பில் கேட்ஸ், புதிய வசதிகளைவிடப் பாதுகாப்பே முதன்மை என்று ஊழியர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். 2004 ஆகஸ்டில் வந்த எக்ஸ்.பி.யின் இரண்டாம் சர்வீஸ் பேக், நெருப்புச்சுவரைத் தானாகவே போட்டுக் கொடுத்தது. அதே ஆண்டு ஜூனில், எக்ஸ்ப்ளோரர் வழியாக நடந்த ஒரு தாக்குதலைத் தொடர்ந்து, வேறு பிரவுசரைப் பயன்படுத்துவதும் ஒரு வழி என்று அமெரிக்க அரசின் கணினி அவசரக் குழுவே யோசனை கூறியது. நவம்பர் 9-ஆம் தேதி பயர்பாக்ஸ் 1.0 வந்தது. 2005 ஏப்ரலில் மத்திய அரசு இலவசமாக வெளியிட்ட தமிழ் மென்பொருள் குறுந்தகட்டில் தமிழ் பேசும் பயர்பாக்ஸ் இருந்தது. எங்கள் கடையில் ஆறு கணிப்பொறிகளிலும் போட்டேன். "எக்ஸ்ப்ளோரர் எங்கண்ணா?" என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை. மறுவாரமே நண்பன் அந்த நீல 'இ'யைத் திரையில் திரும்ப வைத்துவிட்டான்.

சண்டை எங்கள் கடையைத் தாண்டி அரசாங்கத்துக்கும் போனது. அப்போது பிளஸ் டூ கணிப்பொறி அறிவியல் பாடநூலில் ஸ்டார் ஆஃபீஸ் பாடமாக இருந்ததைப் பிள்ளைகள் உள்ளவர்கள் அறிவார்கள். உமாசங்கர் ஐ.ஏ.எஸ். எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில், எல்காட் தன் சொந்த அலுவலகக் கணிப்பொறிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றியது. பள்ளிகளுக்கு வாங்கிய கணிப்பொறிகளும் லினக்ஸுடன் வந்தன. இந்திய மாநிலங்களில் இப்படித் துணிந்தவர்கள் சிலரே. அதே சமயம் சென்னை சி-டாக்கில் உருவான பாஸ் லினக்ஸும் வெளியானது. அது பென் டிரைவ் காலம். 'நியூ ஃபோல்டர்' என்று அப்பாவி வேடத்தில் உட்கார்ந்திருக்கும் வைரஸை மறந்திருக்க மாட்டீர்கள். பென் டிரைவைச் செருகியதும் தானாக ஓடும் வசதியே அவற்றுக்கு வாசல். அதைப் பழைய விண்டோஸ்களில் அடைக்கும் ஒட்டு 2011 பிப்ரவரியில்தான் பரவலாக அனுப்பப்பட்டது. லினக்ஸ் கணிப்பொறியில் அந்த வைரஸ் வெறும் செத்த கோப்பு. நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். ஆனால் "பிரிண்டர் ஓடலை, பழைய தமிழ் ஃபாண்ட் கட்டம் கட்டமாத் தெரியுது, வாத்தியாருக்கே புரியலைன்னா பசங்க என்ன பண்ணுவாங்க?" என்று அவன் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ஒரே பெட்டியில் வந்தன. நான் பார்த்த பிள்ளைகளில் லினக்ஸ் பக்கம் போனவர்கள் சொற்பம்.

2014 என் கர்வம் அடங்கிய ஆண்டு. ஏப்ரல் 8-ஆம் தேதி எக்ஸ்.பி.க்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு முடிந்தது. அந்த நாளுக்காக நான் காத்திருந்தேன் என்றே சொல்லலாம். ஆனால் முதல் நாள், ஏப்ரல் 7 அன்று, 'ஹார்ட்பிளீட்' அம்பலமானது. இணையத்தின் பூட்டாக உலகமே நம்பியிருந்த ஓப்பன் எஸ்.எஸ்.எல். நிரலில், யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று திறந்து கிடந்த மூலத்தில், அந்தத் தவறு இரண்டு வருடம் இருந்திருக்கிறது. செப்டம்பரில் 'ஷெல்ஷாக்', அதுவோ இருபது வருடத்துக்கும் மேற்பட்ட பழைய பிழை. "ஆயிரம் கண்ணு பார்க்கும்னு சொன்னியே, எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டா இருந்தாங்க?" என்று போனில் சிரித்தான்.

அதே ஜூலையில் நடந்த இன்னொன்றைப் பத்திரிகைகள் அவ்வளவாகப் பேசவில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. நாம் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது மார்க் ஷீட் நகலில் கெஜட்டட் ஆபீசரின் பச்சை மைக் கையெழுத்துக்கு அலைந்தோம் அல்லவா? அசலைப் பார்க்காத அதிகாரி, அந்தக் கையெழுத்தை நம்பி நகலை ஏற்றுக்கொள்வார். பிரவுசரில் தெரியும் பூட்டுச் சின்னமும் அதே சங்கதிதான். 'இது உண்மையான கூகுள்தான்' என்று ஒரு சான்று அமைப்பு கையெழுத்துப் போட்டிருக்கும். எந்தெந்த அமைப்பின் கையெழுத்து செல்லும் என்ற பட்டியல் நம் கணிப்பொறிக்குள் இருக்கும். 2014 ஜூலை 2 அன்று, கூகுளின் முகவரிகளுக்கு அவர்கள் கேட்காமலே சான்றிதழ்கள் வழங்கப்பட்டிருப்பதைக் கூகுள் கண்டுபிடித்தது. வழங்கியது நம் தேசிய தகவலியல் மையத்தின் சான்று அமைப்பு. அதற்கு மேலே இருந்தது, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி அமைந்த இந்தியச் சான்று அமைப்புகளின் கட்டுப்பாட்டாளர் அலுவலகம். அத்தகைய சான்றிதழ் கையில் இருப்பவன் நடுவழியில் உட்கார்ந்து கூகுளாக நடிக்கலாம். பூட்டுச் சின்னம் பூட்டியபடியே இருக்கும். மறுநாளே கட்டுப்பாட்டாளர் அந்த அமைப்பின் சான்றுகளை ரத்து செய்தார்.

நம் வாக்குவாதத்துக்கு வேண்டிய விஷயம் இனிமேல்தான். அந்த இந்தியக் கையெழுத்து மைக்ரோசாஃப்டின் பட்டியலில் இருந்தது. அன்றைய குரோம், விண்டோஸில் ஓடும்போது விண்டோஸின் பட்டியலையே நம்பியது, எக்ஸ்ப்ளோரரும் அப்படியே. பயர்பாக்ஸ் தனக்கென்று சொந்தப் பட்டியல் வைத்திருந்தது. அதில் அந்தக் கையெழுத்து இல்லை. அதனால் பாதிப்பும் இல்லை. ஆண்ட்ராய்டு, ஆப்பிள் இயங்குதளங்களில் ஓடிய குரோமுக்கும் பாதிப்பில்லை. அதாவது ஒரே குரோம், ஒரு வீட்டில் ஏமாறும், பக்கத்து வீட்டில் ஏமாறாது. பிரவுசர் பாதுகாப்பு என்று தனியாக ஒன்று உண்டா என்று நாங்கள் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு, யாரை நம்புவது என்ற பட்டியலை யார் எழுதுகிறார்களோ அவர்களிடம் பதில் இருக்கிறது. 2022-இல் குரோமும் விண்டோஸில் சொந்தப் பட்டியலுக்கு மாறத் தொடங்கியது.

2017 மே 12 அன்று வந்த 'வான்னாக்ரை' எங்கள் இருவரையும் சேர்த்தே குட்டியது. இங்கிலாந்தின் மருத்துவமனைகள் முதல் திருப்பதி தேவஸ்தானத்தின் சில கணிப்பொறிகள் வரை பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. பழைய எக்ஸ்.பி.தான் காரணம் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். பிறகு பார்த்தால், பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7. ஒட்டு மார்ச் 14-ஆம் தேதியே வந்துவிட்டது. பிளாஸ்டர் காலத்தைவிட அதிக அவகாசம், இரண்டு மாதம், பலர் போடவில்லை. பாலக்கோட்டுப் பையன் ஞாபகம்தான் வந்தது.

சென்ற சில ஆண்டுகளில் நம் நாடே இந்தச் சண்டையில் இறங்கியிருக்கிறது. 2023 ஆகஸ்டில் மத்திய அரசு இந்தியப் பிரவுசருக்கான போட்டியை அறிவித்தது. நம் நாட்டுக் கையெழுத்தை ஏற்கும் சொந்த நம்பிக்கைப் பட்டியல் அதில் முக்கிய நிபந்தனை. 2014-ஐ அறிந்தவர்களுக்கு அதன் பொருள் புரியும். 2025 மார்ச்சில் சோஹோ நிறுவனம் முதல் பரிசு பெற்றது. அவர்களுடைய 'உலா' பிரவுசர், பெயரில் தமிழ். உள்ளே ஓடுவது கூகுளின் குரோமியம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. மைக்ரோசாஃப்டே 2020-இல் தன் எட்ஜ் பிரவுசரைக் குரோமியத்தின் மேல்தான் கட்டியது. ஆனால் காய்த்த மரம் இப்போது ஒன்றே ஒன்றாகிக்கொண்டு வருகிறது என்பதை நண்பன்தான் முதலில் சொன்னான். அவன் பழமொழியை நான் முழுமையாக ஏற்றுக்கொண்டது அன்றைக்குத்தான்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. அந்த வாரம் அவனிடமிருந்து போன். பேத்திக்குக் கொடுத்த பழைய மடிக்கணினியில் விண்டோஸ் 11 ஏறாதாம். "ஏன்டா, உன்கிட்ட அந்த லினக்ஸ் பென் டிரைவ் இருக்கா? சந்திப்புக்கு வரும்போது கொண்டாந்துடு. பிரிண்டர் ஓடலைன்னா மட்டும் உன்னைச் சும்மா விடமாட்டேன்." பென் டிரைவ் தயாராக இருக்கிறது. பிரிண்டரைப் பற்றி உறுதியாகச் சொல்வதற்கில்லை.