கட்டிலும் வீடும்: சென்னைக் காசநோய் ஆய்வு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மருத்துவ வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கண்டுபிடிப்புக்களின் வரலாற்றையே எழுதுவர். கிருமியைக் கண்டவர் யார், மருந்தைப் பிரித்தெடுத்தவர் யார், அஃது எந்த ஆண்டில் நிகழ்ந்தது என்பனவே அவ்வரலாற்றின் எல்லைக் கற்களாக அமைகின்றன. மருந்து கிடைத்த பின்னர் அதனை உண்ட மனிதன் எங்கே படுத்திருந்தான், எத்தனை மாதம் தன் பிள்ளைகளைக் காணாதிருந்தான், அவனுடைய உழைப்பை நம்பியிருந்தோர் எவ்வாறு சீவித்தனர் என்னும் வினாக்கள் அங்கு எழுவது அரிது. ஒரு சிகிச்சையின் தகுதியை மதிப்பிடும்போது நோயை மட்டும் அளந்தாற் போதுமா, நோயாளியின் வாழ்வையும் அளத்தல் வேண்டுமா என்னும் பிரச்சினை இவ்வினாக்களோடு தொடர்புடையது. 1956ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பெற்ற காசநோய் ஆய்வொன்றினை இந்நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அவ்வாய்வின் முக்கியத்துவத்தை உணர்வதற்கு அதற்கு முந்திய நூற்றாண்டின் சிகிச்சை முறையை அறிதல் அவசியம். காசநோயை உண்டாக்கும் பற்றீரியாவை றொபேட் கொக் 1882இல் இனங்கண்டு அறிவித்தார். ஆயினும் அதனை அழிக்கவல்ல மருந்து கிடைப்பதற்கு மேலும் அறுபது ஆண்டுகள் கழியவேண்டியிருந்தது. அவ்விடைக்காலத்தில் மருத்துவர்களின் நம்பிக்கைக்கு உரியதாய் விளங்கியது சனற்றோரியம் எனப்படும் காசநோய் மனையாகும். 1850களில் சிலேசியா மலைப்பகுதியிலுள்ள கேர்பஸ்டோர்வ் என்னுமிடத்தில் ஹேர்மன் பிறேமர் நிறுவிய மனையே இவ்வகையிற் புகழ்பெற்ற முதலாவது நிலையமாகக் கொள்ளப்படுகின்றது. தூய காற்று, நிறைந்த உணவு, நீண்ட ஓய்வு ஆகிய மூன்றுமே அதன் மருந்துகள். இக்கொள்கை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வேரூன்றிப் பின்னர் குடியேற்ற நாடுகளுக்கும் பரவியது. தென்னிந்தியாவில் மதனப்பள்ளிக்கு அண்மையில் ஆரோக்கியவரம் மனை 1915இலும், சென்னைக்கு அணித்தாயுள்ள தாம்பரத்தில் டேவிட் சௌரிமுத்து என்னும் மருத்துவர் நிறுவிய மனை 1928இலும் தோன்றின. பின்னையது 1937இல் அரசின் பொறுப்பில் வந்தது.

சனற்றோரியம் பலருக்கு ஆறுதல் அளித்தது என்பதை மறுத்தல் இயலாது. வேறு வழியற்ற காலத்தில் அது நோயாளிக்கு உணவும் பராமரிப்பும் தந்தது. ஆயினும் அதற்கு அவன் செலுத்திய விலை பெரிது. மாதக்கணக்கில், சிலவேளை ஆண்டுக்கணக்கில் அவன் குடும்பத்தை விட்டு நீங்கியிருத்தல் வேண்டும். நாட்கூலியில் வாழும் வீட்டில் உழைப்பாளி கட்டிலில் விழுந்தால் அடுப்பும் அணைந்துவிடும். தாய் நீங்கிய வீட்டிற் குழந்தைகளைப் பேண ஆளில்லை. மனையிலிருந்து மீண்டவரை அயலவர் அச்சத்தோடு நோக்கினர். இவ்விழப்புக்கள் யாவும் குணமடைவதற்கான தவிர்க்க முடியாத கட்டணமாகவே கருதப்பட்டன. அக்கட்டணம் உண்மையில் அவசியந்தானா என்று ஒருவரும் முறையாகப் பரிசோதித்துப் பார்க்கவில்லை.

1940களில் நிலைமை மாறத் தொடங்கியது. ஸ்ரெப்ரோமைசின் 1943இற் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பயனை ஆராய்வதற்குப் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய பரிசோதனையின் பெறுபேறுகள் 1948இல் வெளிவந்தன. புள்ளிவிபரவியலாளரான ஒஸ்ரின் பிராட்போட் ஹில் வகுத்த திட்டத்தின்படி, எந்த நோயாளிக்கு எச்சிகிச்சை என்பது எழுமாற்று முறையில் முன்னரே தீர்மானிக்கப்பட்டு, மூடிய உறைகளில் வைக்கப்பட்டிருந்தது. மருத்துவரின் விருப்பு வெறுப்புக்கள் தெரிவிற் புகுந்துவிடாது காத்தலே இதன் நோக்கம். மருந்தும் கட்டில் ஓய்வும் பெற்ற 55 பேரில் ஆறு மாதத்துள் நால்வர் இறந்தனர்; கட்டில் ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர் இறந்தனர். மருந்தின் வலிமை இவ்வாறு நிறுவப்பட்டது. பின்னர் பி.ஏ.எஸ்., 1952 முதல் ஐசோனயசிட் ஆகியனவும் சேர்ந்தன. ஒரு மருந்தினைத் தனித்துக் கொடுத்தாற் கிருமி அதனை எதிர்க்கப் பழகிவிடுகின்றது என்பதும், இரண்டினைச் சேர்த்துக் கொடுத்தால் அவ்வெதிர்ப்பைத் தடுக்கலாம் என்பதும் அறியப்பட்டன.

இங்கு ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். 1948ஆம் ஆண்டுப் பரிசோதனையில் இரு தொகுதியினரும் கட்டிலிலேயே கிடந்தனர். ஆகவே மருந்தின் பயன் நிறுவப்பட்டதேயன்றிக் கட்டிலின் பயன் நிறுவப்படவில்லை. மருந்து கிடைத்த பின்னரும் கட்டில் வேண்டுமா என்னும் கேள்வி அப்படியே எஞ்சி நின்றது. செல்வம் மிக்க நாடுகளில் இக்கேள்வி அவசரமானதாகத் தோன்றவில்லை. அங்கு கட்டில்கள் இருந்தன. இந்தியாவிலோ நோயாளர் தொகை இலட்சக்கணக்கானது; கட்டில்களோ அத்தொகையின் ஒரு சிறு பகுதியினருக்கே போதுமானவை. 1955 முதல் 1958 வரை அந்நாட்டில் நடத்தப்பட்ட மாதிரி அளவீடு, நகரங்களைப் போலவே கிராமங்களிலும் இந்நோய் பரவியிருந்ததைக் காட்டிற்று. கட்டிலின்றிக் குணமில்லை எனின் அங்குள்ள பெரும்பாலான நோயாளர்க்குக் குணமே இல்லை என்பது அதன் பொருளாகும்.

இப்பின்னணியிலேயே 1956இல் சென்னையிற் காசநோய் வேதிச்சிகிச்சை நிலையம் நிறுவப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார ஸ்தாபனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் இம்முயற்சியில் இணைந்தன. பிரித்தானிய மருத்துவரான வலஸ் பொக்ஸ் ஆய்வுக்குத் தலைமை தாங்கினார். சென்னை நகரத்து ஏழை மக்களிலிருந்து 193 நோயாளர் ஆய்விற் சேர்க்கப்பட்டனர். எழுமாற்று முறையில் ஒரு பகுதியினர் சனற்றோரியத்துக்கு அனுப்பப்பட்டனர். மறு பகுதியினர் தத்தம் வீடுகளிலேயே இருந்து சிகிச்சை பெற்றனர். ஐசோனயசிட்டும் பி.ஏ.எஸ்.ஸும் ஓராண்டுக்கு நாள்தோறும் இரு பகுதியினர்க்கும் வழங்கப்பட்டன. வேறுபட்டது வாழ்நிலை ஒன்றே. மனையில் இருந்தோருக்கு ஓய்வும் தாதியர் பராமரிப்பும் நல்லுணவும் கிடைத்தன. வீட்டில் இருந்தோர் நெருக்கமான குடியிருப்புக்களில், குறைந்த உணவோடு வாழ்ந்தனர்; பலர் வேலைக்கும் சென்றனர். வீட்டு நோயாளர் மாத்திரையை ஒழுங்காக உண்கின்றனரா என்பதை அறிய, முன்னறிவித்தலின்றி வீடுகளுக்குச் சென்று மாத்திரைகளை எண்ணுதலும் சிறுநீரைச் சோதித்தலும் மேற்கொள்ளப்பட்டன.

ஆய்வின் முதற் பெறுபேறுகள் 1959இல் வெளியிடப்பட்டன. ஓராண்டு முடிவில், சனற்றோரியத்தில் இருந்தோரில் 92 சதவீதத்தினரும், வீட்டில் இருந்தோரில் 86 சதவீதத்தினரும் சளியிற் கிருமி காணப்படாத, நோய் தணிந்த நிலையை எய்தியிருந்தனர். மனையில் இருந்தோர் உடல் நிறையில் கூடுதலாக ஏற்றம் பெற்றிருந்தனர். ஆயினும் அவ்வேற்றம் குணமடைதலில் அதற்கேற்ற பெரும் வேறுபாட்டை உண்டாக்கவில்லை. தொடர்ந்து ஐந்தாண்டு வரை இரு பகுதியினரும் அவதானிக்கப்பட்டபோது, நோய் மீண்டும் தலைகாட்டியமை இரு பகுதியிலும் குறைவாகவே இருந்தது.

வீட்டுச் சிகிச்சையை எதிர்த்தோரின் வலிமையான வாதம் வேறொன்றாகும். நோயாளி வீட்டில் இருந்தாற் பிள்ளைகளுக்கும் நோய் தொற்றும் என்பதே அது. இதனையும் சென்னை ஆய்வாளர் ஆராயாது விடவில்லை. இரு பகுதி நோயாளரின் குடும்பத்தவரும் ஐந்தாண்டுகள் பரிசோதிக்கப்பட்டனர். நோயாளியோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தோர்க்கு, நோயாளியைப் பிரிந்திருந்தோரைவிட மேலதிக ஆபத்து ஏற்படவில்லை என 1966இல் அறிவிக்கப்பட்டது. தொற்று நிகழவேண்டிய இடங்களில் நோய் கண்டறியப்படுவதற்கு முன்னரே பெரிதும் நிகழ்ந்துவிடுகின்றது. சிகிச்சை தொடங்கிய பின்னர் நோயாளியின் தொற்றுத்தன்மை விரைவிற் குன்றிவிடுகின்றது. ஆகவே நோயாளியை நாடுகடத்துவதுபோற் பிரித்துவைத்தமைக்கு இருந்த இறுதி நியாயமும் தளர்ந்தது.

இப்பெறுபேறுகள் சென்னையோடு நின்றுவிடவில்லை. 1962இல் இந்தியா வகுத்த தேசிய காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையை அடிப்படையாகக் கொண்டது. மேலைநாடுகளின் சனற்றோரியங்களும் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன அல்லது வேறு தேவைகளுக்கு மாற்றப்பட்டன. வறிய நாட்டில் எழுந்த தேவையொன்று செல்வந்த நாடுகளின் மருத்துவத்தையும் திருத்திய அரிய நிகழ்ச்சி இதுவெனலாம்.

எனினும் இவ்வாய்வை வாழ்த்துவதோடு நாம் அமைந்துவிடலாகாது. ஆய்வாளர் அடிப்படையில் அளந்தவை எவை? சளியிலுள்ள கிருமி, எக்ஸ்-கதிர்ப் படம், உடல் நிறை ஆகியவையே. வீட்டில் இருந்தமையால் நோயாளி பெற்ற நன்மை, அதாவது குடும்பத்தோடு கழித்த ஓராண்டு வாழ்வு, எந்த அட்டவணையிலும் ஓர் எண்ணாக இடம்பெறவில்லை. அக்காலத்தில் அதற்கான அளவுகோலும் உருவாகியிருக்கவில்லை. 1940களின் இறுதியில் அமெரிக்காவிற் புற்றுநோய் மருத்துவரான டேவிட் கார்னொவ்ஸ்கியும் அவருடைய சகாக்களும், நோயாளியின் இயங்கும் ஆற்றலை நூறு முதல் பூச்சியம் வரை மதிப்பிடும் அளவுகோலொன்றை வகுத்தனர். ஆனால் அதிற் புள்ளியிட்டவர் மருத்துவரே. நோயாளியையே வினவி அவருடைய வாழ்க்கைத் தரத்தை அளக்கும் முறைகள் 1970களின் பின்னரே வலுப்பெற்றன. 1990களில் உலக சுகாதார ஸ்தாபனம் நூறு வினாக்கள் கொண்ட வாழ்க்கைத்தர வினாக்கொத்து ஒன்றினை 15 நிலையங்களில் ஒரே காலத்தில் உருவாக்கியபோது, அவற்றுள் ஒன்றாகச் சென்னையும் விளங்கியது. ஒருவர் தாம் வாழும் பண்பாட்டுச் சூழலில் தம் வாழ்வைத் தாமே எவ்வாறு காண்கின்றார் என்பதே அதன் அடிப்படையாகும்.

இரண்டாவது குறைபாடு, வீட்டுச் சிகிச்சை நோயாளியின் மேல் ஏற்றிய புதிய சுமை பற்றியது. நாளொன்றுக்குப் பல கிராம் பி.ஏ.எஸ்.ஸை ஓராண்டு உண்பது எளிதன்று. வயிற்றுக் குமட்டலைத் தருவது அது. நோவு தணிந்ததும் மருந்தை நிறுத்துவது மனித இயல்பு. இதனை உணர்ந்த சென்னை நிலையத்தார், வாரம் இருமுறை மேற்பார்வையின்கீழ் மருந்து கொடுக்கும் முறையைப் பரிசோதித்து 1964இல் அதன் வெற்றியை அறிவித்தனர். பிற்காலத்தில் உலகெங்கும் பரவிய நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சையின் வித்து இதுவே. ஆனால் மருந்து விழுங்குவதற்காக நிலையத்துக்கு நடக்கும் தொழிலாளி தன் கூலியை இழக்கின்றான் என்பதையும் நாம் மறத்தலாகாது. கட்டிலிலிருந்து விடுவித்த மருத்துவம் வேறொரு வகையில் அவனைக் கட்டிப்போட்டது.

மூன்றாவதும் முக்கியமானதுமான ஒன்று, ஆய்வின் முடிவு தவறாகப் பொருள்கொள்ளப்படக்கூடிய அபாயமாகும். நல்லுணவு இல்லாதபோதும் மருந்து குணமாக்கும் என்பது சென்னை ஆய்வு கூறியது. நல்லுணவு தேவையில்லை என்பது அது கூறாதது. முதலாவதிலிருந்து இரண்டாவதற்குத் தாவுவது நிருவாகத்தினருக்கு மிக வசதியானது. மாத்திரை கொடுத்தால் கடமை முடிந்தது என ஏழையின் பாத்திரத்தைப் பாராது இருந்துவிடலாம். குணமாவது ஒரு வினா. நோய் ஏன் வருகின்றது என்பது மற்றொரு வினா. இவ்விரண்டாவது வினாவுக்குத் தெளிவான விடை 2023இற் கிடைத்தது. இந்தியாவின் ஜார்க்கண்ட் மாநிலத்தில் 2,800 நோயாளரின் குடும்பத்தவர் 10,345 பேரிடையே நடத்தப்பட்ட ஆய்வில், மாதந்தோறும் உணவுப் பொருள்கள் பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் தோன்றுதல் 39 சதவீதத்தாற் குறைந்தது. உணவு பெற்ற நோயாளருள் சிகிச்சையின் தொடக்க மாதங்களில் நிறை ஏறியோரிடையே இறப்புக் குறைவாக இருந்ததும் காணப்பட்டது. அன்று சென்னையில் தோன்றிய நிலையத்தின் இன்றைய வடிவமான தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் இவ்வாய்விற் பங்கேற்றமை மனங்கொள்ளத்தக்கது. தன் பழைய முடிவு சொல்லாது விட்டதை அந்நிறுவனமே பின்னர் நிரப்ப உதவியது.

தொகுத்து நோக்குமிடத்து, சென்னை ஆய்வின் பெருமை அது கண்ட எண்களில் மட்டும் தங்கியிருக்கவில்லை. நூறாண்டு காலமாக நோயாளி செலுத்திவந்த விலையை, அவசியந்தானா எனக் கேட்கத் துணிந்தமையே அதன் பெருமை. அதன் குறையும் அவ்விடத்திலேயே உள்ளது. விலை பற்றிய வினாவை எழுப்பிய ஆய்வு, விலை செலுத்தியவரின் வாயால் விடை கேட்கவில்லை. மருத்துவத்தை மருத்துவ பீடத்தாருக்குரிய பொருளெனக் கலைப்பீட மாணவராகிய நாம் ஒதுக்கிவிடுதல் தகாது. சிகிச்சை நிகழ்வது நுரையீரலில் எனினும் அதன் விளைவு நிகழ்வது வீட்டில், வேலைத்தலத்தில், அயலில். அவை சமூக வரலாற்றின் களங்கள். ஒரு சிகிச்சை வெற்றி பெற்றது என்னும் செய்தியை நாம் அடுத்தமுறை படிக்கும்போது, யாருடைய வாழ்வில், எந்த விலைக்கு என்னும் இரு கேள்விகளையும் அதனோடு சேர்த்துக் கேட்போமாயின், சென்னை நகரத்து அந்த 193 நோயாளருக்கும் நாம் பட்ட கடனில் ஒரு பகுதியையேனும் தீர்த்தவராவோம்.